தூளி, துணி, சுண்ணாம்பு: கைக்குழந்தைக்கு அறை ஒருக்கும் முறை

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு வந்ததும் குழந்தைக்குச் சாமான் வாங்கக் கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் அம்மிச்சியின் இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல வருடம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன நூல்சேலையும் எட்டு முழ வேட்டியும் அதில் இருக்கும். பச்சைக்குழந்தையின் தோலுக்கு அதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் கிடையாது. புதுத்துணியில் தங்கியிருக்கும் கஞ்சியும் மிச்சச் சாயமும் அதிலிருந்து எப்போதோ கழுவிப் போயிருக்கும். புதிதாக வாங்கியே ஆகவேண்டியவை மிகச் சில. அவையும் நம் கொங்குப் பக்கத்தில் சென்னிமலை, பவானி, திருப்பூர், கரூர் என்று பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில்தான் நெய்யப்படுகின்றன.

பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பாச்சை உருண்டை வாசம் வந்தால் அந்தத் துணியை அப்படியே குழந்தைக்குப் போடக் கூடாது. அந்த உருண்டை நாப்தலீன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு நாப்தலீன் ஆவி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை கடுமையாகிவிடும். துணியை நான்கைந்து நாள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்துங்கள். பிறகு சோப்புப் போட்டு வெந்நீரில் இரண்டு தடவை துவைத்து மறுபடி காயப்போடுங்கள். அதற்கப்புறமும் வாசம் இருந்தால் குழந்தைக்கு வேண்டாம், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

லங்கோட்டுத் துணி

முப்பது துணி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குழந்தை என்றால் நாற்பது, ஏனென்றால் காயாது. எட்டு முழ வேட்டி ஒன்றில் கரையை நீக்கிவிட்டு 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் 12 துணி வரும். ஆக முப்பதுக்கு மூன்று வேட்டி போதும், நாற்பதுக்கு நான்கு. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம்; தடித்த மடிப்பு இடுப்பில் அழுத்தி வரி போடும். நூல் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடித்துக்கொண்டால் சரி.

பழைய துணி போதாமல் புதிதாக வாங்குவதென்றால் ஈரோட்டு ஜவுளிக் கடைகளில் காடாத்துணி கேளுங்கள். வெளுக்காத, சாயம் ஏறாத துணி. தறியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறாமல் இருக்கப் போட்ட கஞ்சி அதில் முழுசாக இருக்கும். அதனால் வாங்கியபடியே வெட்டித் தைத்தால் இரண்டு தப்பு நடக்கும்: ஈரத்தை உறிஞ்சாது, முதல் துவைப்பில் சுருங்கிக் கோணலாகும். ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, அலசிக் காயவைத்து, அதன் பிறகே கத்தரியை எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் கஞ்சியும் பஞ்சின் மெழுகும் இன்னும் போகவில்லை, மறுபடி கொதிக்கவிட வேண்டும். பட்டதும் பரவினால் துணி தயார்.

துவைப்பதில்தான் நம் பக்கம் பெரிய சிக்கல். போர் தண்ணீர் உப்பு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலுக்கு நடுவில் படிந்துவிடும். பத்து நாளில் துணி அட்டை மாதிரி விறைத்து, குழந்தைக்குத் தொடை சிவக்கும். சோப்பை அதிகம் போட்டால் பிசுக்குத்தான் அதிகமாகும். 15 லிட்டர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பிறகு சோப்பைப் போடுங்கள். சோடா அந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ சிறுவாணித் தண்ணீரோ எடுத்து வையுங்கள். பூந்திக்கொட்டையின் நுரைக்கு இந்தத் தொல்லை இல்லை, உப்புத் தண்ணீரிலும் பிசுக்கு வைக்காது. கொட்டை நீக்கிய பத்துத் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒரு வாளித் துணிக்கு ஆகும். வாசனைக்கென்று விற்கும் துணி மென்மையூட்டி வேண்டாம். அது நூலின் மேல் படிந்து உறிஞ்சும் குணத்தைக் கெடுக்கும்.

சட்டை, ஜபலா

புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஆறு முதல் எட்டு ஜபலா போதும். மூன்று மாதத்தில் எல்லாம் சின்னதாகிவிடும், அதனால் சீருக்கு வரும் சட்டைகளை ஆறு மாத அளவிலும் ஒரு வருட அளவிலும் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் தைப்பதானால் குறுக்கே 25 சென்டிமீட்டர், நீளம் 30 சென்டிமீட்டர் வைத்து, தையல் பிரிவு வெளிப்பக்கம் வரும்படி தையுங்கள். கழுத்துக்குக் கயிறு வேண்டாம். முதுகில் கட்டும் நாடாவும் முடிச்சுப் போட மட்டும் நீளம் இருந்தால் போதும்.

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் குவியலாகக் கிடைக்கும். நல்ல பருத்தியும் உண்டு, பாலியஸ்டர் கலந்ததும் உண்டு. இரண்டையும் கைக்குத் தெரியாதபடி மென்மையாக முடித்திருப்பார்கள். ஓரத்தில் நான்கைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தொட்டிக்கு மேல் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த கெட்டி மணியாக நிற்கும். சாம்பலுக்குள் மணி தட்டுப்பட்டால் கலப்பு. பிறகு வெள்ளைத் துணியை நனைத்துச் சட்டையின் மேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் அது குழந்தையின் வாய்க்கும் போகும், எடுக்காதீர்கள்.

சாயத்தைப் பற்றி இந்த மண்ணில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றில் போன சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பாசன நிலங்களைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிப்பு செய்தால்தான் திறக்கலாம் என்றானது. அதனால் குழந்தைத் துணிக்கு முதல் தேர்வு சாயமே இல்லாதது, அடுத்தது வெளிர் நிறம். லேபிளில் காட்ஸ் (GOTS, இயற்கை வேளாண் துணிக்கான சர்வதேசத் தரச்சான்று) முத்திரை இருந்து ஆர்கானிக் என்று மட்டும் போட்டிருந்தால் குறைந்தது 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை. ‘ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்றிருந்தால் 70 சதவீதம். ஓகோ-டெக்ஸ் 100 என்பது வேறு. அது துணியில் தீங்கான வேதிப்பொருள் இல்லை என்று சோதித்ததற்கானது, பஞ்சு எப்படி விளைந்தது என்று சொல்லாது. அதில் முதல் வகுப்புத்தான் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு.

தூளி கட்டுவது

இதில் அவசரம் கூடாது. சேலை நூல்சேலையாக, ஜரிகை இல்லாததாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் சேலையில் போட்ட முடிச்சு வழுக்கும். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முழம் முழமாக நகர்த்திப் பாருங்கள். இடுப்பில் செருகிய பக்கமும் காலடியில் இழுபட்ட கரையும்தான் முதலில் இற்றுப்போகும். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிற இடத்தை இரண்டு முஷ்டிக்கு நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். ‘டர்’ என்ற சத்தம் லேசாகக் கேட்டாலும் அந்தச் சேலை தூளிக்கு ஆகாது.

மெத்தை வீட்டில் (கான்கிரீட் வீட்டில்) கூரை போடும்போதே கம்பியோடு கட்டிவிட்ட கொக்கிதான் சரி. பிறகு துளைபோட்டு அடித்ததை நம்பாதீர்கள். ஓட்டு வீடானால் விட்டத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தலான சத்தம் வந்தால் உள்ளே கரையான் இருக்கலாம். ஆடி நோம்பிக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டிய கயிறு வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கும், அதை எடுக்காமல் புதுப் பருத்திக் கயிறு வாங்குங்கள்.

கட்டியதும் முடிச்சை ஒட்டி, துணியின் மேல் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பித் தூளிக்குள் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கேனோடு சேர்த்து நன்றாக வீசி இருபது தடவை ஆட்டுங்கள். கோடு முடிச்சைவிட்டு ஒரு விரல் நகர்ந்திருந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். இந்தச் சோதனையை வாரம் ஒரு தடவை, சேலையை மாற்றும்போதெல்லாம் ஒரு தடவை செய்யுங்கள். ஸ்பிரிங் போடுகிறவர்கள் அதன் இரு முனையையும் இணைத்துத் தளர்வாக ஒரு சங்கிலி மாட்டுங்கள். இரும்பு களைத்து அறும்போது முன்னறிவிப்பு தராது, சங்கிலிதான் தாங்கும்.

தூளியின் அடி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. கீழே மடித்த ஜமுக்காளம். தூளியின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே இரண்டடிக் கட்டை கட்டாயம். குழந்தை சுருண்டு தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சு அடைக்கும், அதனால் ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் தூக்கத்துக்கு மட்டும் தூளி. இராத்திரிக்குத் தட்டையான படுக்கை. புரண்டு படுக்கத் தொடங்கியதும், நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ, தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

பழைய மரத்தொட்டில் இருந்தால் கம்பிகளுக்கு நடுவில் அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பெயின்ட் அடித்ததென்றால் இன்னும் கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூசி வீடெங்கும் பறக்கும். பெயின்ட் உரிந்த பழைய தொட்டிலை விட்டுவிடுவதே நல்லது.

படுக்கை

தரையில் கோரைப்பாய், அதன்மேல் இரண்டாக மடித்த பருத்தி ஜமுக்காளம், அதன்மேல் இழுத்துச் செருகிய மெல்லிய பருத்தி விரிப்பு. இவ்வளவுதான். ஒரு வயதுவரை தலையணை வேண்டாம். இலவம்பஞ்சோ கடுகுத் தலையணையோ, அப்பத்தா ஆசையாகத் தைத்ததானாலும் எடுத்துவைத்துவிடுங்கள். மெத்தென்ற எதுவும் முகத்தில் அழுந்தினால் குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. மெத்தைதான் வேண்டுமென்றால் கெட்டியான தேங்காய்நார் மெத்தை. உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுங்கள்; பள்ளம் அப்படியே நின்றால் வாங்காதீர்கள்.

பவானி ஜமுக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் வருடக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படியும் ஜமுக்காளம் கைத்தறிக்கே உரியது. அப்படியும் விசைத்தறி விரிப்பு அந்தப் பேரில் விற்கிறது, அதனால் கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ ரசீதோடு வாங்குங்கள். பளபளக்கும் ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) ரகம் பார்க்க அழகுதான், ஆனால் குழந்தைக்குக் கீழே போடத் தடித்த பருத்தி ரகமே ஏற்றது. சென்னிமலைப் போர்வையில் இரு கரையோரமும் ஊசி குத்திய சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். நெய்யும்போது துணி சுருங்காமல் இழுத்துப் பிடித்த தடம் அது. அதை ஒரு அடையாளமாகக் கொள்ளலாம், ஆனால் ரசீதையும் பாருங்கள். புதுப் போர்வையைக் கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், நிற்காது. தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியாக அலசுவதுதான் வழி.

சுவர்

எமல்ஷன் அடித்த சுவர் நன்றாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. ஈரம் உறிஞ்சும் சுவரில்தான் பிடிக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரோ, பெயின்ட் அடிக்காமல் பூசி மட்டும் விட்ட சிமெண்டுச் சுவரோ ஆனால் வெள்ளையடிப்பதைப்போல் மலிவும் நல்லதும் வேறில்லை. அதன் காரத்தன்மையில் பூஞ்சை வளராது, பெயின்ட் நெடியும் கிடையாது.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். சுண்ணாம்புக்கல் ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணாடியும் கையுறையும் வேண்டும், கர்ப்பிணி பக்கத்தில் வரவேண்டாம். இரண்டு நாள் ஊறிய பின் துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 4 கிராம் வேலம்பிசினை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். பிசின் சேர்க்காவிட்டால் சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளையாகும். சுவரை நனைத்துவிட்டு வெள்ளையடிக்கும் மட்டையால் மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. முதல் பூச்சு ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அடித்தால் பொருக்கு பொருக்காக உதிரும்.

தொங்கவிட ஏதாவது வேண்டுமென்றால் பனையோலைக் கிலுகிலுப்பையும் மிச்ச பனியன் துணியில் தைத்த கிளியும் போதும். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

குழந்தை வளர்ந்த பிறகு ஜமுக்காளம் கூடத்துக்குத் திரும்பிவிடும். ஜபலாவையும் லங்கோட்டுத் துணியையும் அடுத்த குழந்தைக்கு எடுத்துவைக்கும்போது கஞ்சி போடாதீர்கள், கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். நிழலில் காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் துணிப்பையில் கட்டி நடுவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இலையை மாற்றுங்கள்.