டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டும் போதாது: இன்ஜின் ஆயில் அளவு பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைப் பராமரிக்கும் வேலைகளில் நாமே செய்யக்கூடியவற்றில் மிகச் சுலபமானது இன்ஜின் ஆயில் அளவு பார்ப்பது. தனியாகக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் தப்பாக அளந்து, அதை நம்பி ஆயிலை ஊற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆயில் குறைந்தால் இன்ஜின் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

அதிகம் நடக்கும் தவறு பெட்ரோல் பங்கில்தான். ஓட்டி வந்த வண்டியை நிறுத்திய கையோடு பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுப்பார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பகுதி மேலே, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏறியிருக்கும். அணைத்த பிறகு அது வழிந்து கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்குள் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். "அரை லிட்டர் கம்மியா இருக்கு சார்" என்று ஊற்றிவிட்டால், மறுநாள் காலையில் அளவு மேக்ஸிமம் கோட்டைத் தாண்டி நிற்கும். குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10 நிமிடம் பொறுங்கள். இன்ஜினை ஓடவிட்டபடியே பார்ப்பது இன்னும் மோசம். சில பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலை அப்படிப் பார்ப்பதுண்டு. இன்ஜின் ஆயிலுக்கு அந்த முறை பொருந்தாது.

சூடாக இருக்கும்போது பார்ப்பதா, ஆறிய பிறகா? இதில் கார் கையேடு சொல்வதே முடிவு. சில நிறுவனங்கள் இன்ஜின் சூடேறிய பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்கின்றன. சூட்டில் ஆயில் விரியும்: 4 லிட்டர் ஆயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 150 மில்லி கூடிவிடும். கையேடு எதுவும் குறிப்பிடாவிட்டால், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பதையே நான் சிபாரிசு செய்வேன். எந்த முறையானாலும் அதையே தொடருங்கள். இன்று சூட்டில், அடுத்த முறை ஆறிய பிறகு என்று மாற்றிப் பார்த்தால், ஆயில் உண்மையிலேயே குறைகிறதா என்பது பிடிபடாது.

இடமும் அப்படித்தான். அபார்ட்மென்ட் சரிவுப் பாதையிலோ, ஒரு பக்கச் சக்கரங்களை நடைபாதை மேல் ஏற்றியோ நிறுத்திய காரில் ஆயில் சம்ப்பின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். சமதளம் கட்டாயம்.

முதல் தடவை இழுத்ததும் தெரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஓட்டத்தில் சிதறிய ஆயில் குச்சி முழுக்க ஒட்டியிருக்கும். துடைத்து, கடைசி வரை அழுத்திச் செருகி, மீண்டும் இழுத்துப் பாருங்கள். துடைக்கும் துணியிலும் கவனம் வேண்டும். ஒர்க்ஷாப்புகளில் புழங்கும் பனியன் வேஸ்ட் என்ற துணிக் கழிவில் பிரிந்த நூல் குச்சியில் ஒட்டி உள்ளே போனால், ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய்ச் சேரும். நூல் பிரியாத துணியே நல்லது. எடுத்த குச்சியின் முனை கீழ்நோக்கியே இருக்கட்டும். மேலே தூக்கினால் ஆயில் கைப்பிடி பக்கம் வழிந்து அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் தெரிந்தால் குறைவானதையே எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. குச்சியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரம் முடியும் இடம் தெரியும்.

மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு (சில குச்சிகளில் இரண்டு துளைகள்) நடுவே பெரும்பாலான கார்களில் சுமார் 1 லிட்டர்தான் வித்தியாசம். பாதியில் நின்றால் அது சரியான அளவே. மேல் கோட்டைத் தொட்டே ஆக வேண்டியதில்லை. குறைந்திருந்தால் 200 மில்லி ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பார்த்து, தேவையென்றால் மட்டும் மேலும் ஊற்றுங்கள். மேக்ஸிமத்தை வெகுவாகத் தாண்டினால், பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் மோதி, தயிர் கடைவதுபோல் நுரையாக்கிவிடும். நுரை கலந்த ஆயிலால், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்குத் தேவையான அழுத்தம் கிடைக்காது. ஆயில் சீல்கள் கசியலாம். ஆயில் காற்றோடு இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் பாழாகலாம். கூடுதலாக ஊற்றிவிட்டால், "ஓட ஓடக் குறைந்துவிடும்" என்று விடாமல், உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய அன்று இன்னொரு தவறு நடக்கும். புது ஃபில்டர் காலியாக இருக்கும்; இன்ஜின் ஓடினால்தான் அதில் ஆயில் நிரம்பி அளவு இறங்கும். இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, பிறகு பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும்.

"குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியுமே" என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. ஆயில் கேன் படம் போட்ட அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. ஆயில் போதாமல் அந்த விளக்கு எரியும்போது அளவு மினிமத்துக்கு வெகு கீழே போயிருக்கும். ஓட்டத்தில் எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். வீடு வரை போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. சர்வீஸ் வரை தாங்கும் என்பதும் உறுதியில்லை. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கையேடுகளே சொல்கின்றன. சர்வீஸ் இடைவெளியோ பல கார்களில் 10,000 கிலோமீட்டர். மாதம் இருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் பாருங்கள்.

நிறத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். டீசல் காரில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. பால் கலந்த காபி நிறம் தெரிந்தால்தான் கவலை: இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம்.

கடைசியாக, யாரும் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று. ஊற்றாமலே ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படக் கூடாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். நகர நெரிசலில் சிறு சிறு தூரமே ஓடி, எரிப்பு முடியும் முன் வண்டியை அணைத்தால், அந்த டீசலில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் இறங்கும். அளவு கூடும், ஆயிலோ நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாசனை அடிக்கும். கொஞ்சம் வடித்துவிட்டு ஓட்டுவது இதற்குத் தீர்வல்ல. ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். பிறகு அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.