உண்ணிக் கடியும் மூளைக் காய்ச்சலும்: சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோடை வந்தால் நம்மவர்கள் காட்டோரத்தில் கிறில் போடுவது சுவிஸில் வழக்கம். உங்களையும் யாராவது கூப்பிடுவார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் இங்குள்ள உண்ணியைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். ஜெர்மனில் அது ‘செக்கே’.

ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த கொழுத்த உண்ணியை இங்கே தேடாதீர்கள். பெரும்பாலும் கடிப்பது கசகசா அளவுக் குஞ்சு. கடித்தது தெரியாது. மரத்திலிருந்து அது விழுவதில்லை. புல்லிலும் பற்றையிலும் இருந்து உடம்பில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அரை, கக்கம், பிள்ளைகளுக்குக் காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் பூசவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

உண்ணி பரப்பும் வைரஸ் மூளைக் காய்ச்சலை இங்கே எஃப்எஸ்எம்இ என்பார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி வரும். சில நாளில் விட்டுவிடும். சுகமாகிவிட்டது என்று வேலைக்கும் போய்விடுவார்கள். ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். கிட்டத்தட்ட ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் திரும்பினால், வைரஸ் மூளைப் பக்கம் போயிருக்கலாம். ஒருவருக்கு மூளையின் உறை மட்டும் அழன்று, கழுத்து விறைத்து, பிறகு சுகமாகும். இன்னொருவருக்கு மூளையே பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும், கை நடுங்கும், நினைவு தடுமாறும். முள்ளந்தண்டு வடம் வரை போனால் தோளும் கையும் செயலிழக்கலாம். மாதக்கணக்கில் களைப்பும் மறதியும் விடாதவர்களும் உண்டு. இந்த வைரஸின் ஐரோப்பிய வகையில் நோய்ப்பட்டவர்களில் நூற்றுக்கு 1, 2 பேர் வரை இறக்கிறார்கள். ரஷ்யாவின் தூர கிழக்கு வகை இதைவிடப் பலமடங்கு கொடியது.

ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் வருவதில் வயதுக்குப் பெரிய பங்கு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகப் போகும்; வயது ஏற ஏறக் கடுமை கூடும். அதனால் நான் முதலில் நினைப்பது ஊரிலிருந்து வந்து உங்களோடு இருக்கும் அம்மா அப்பாவை. பேரப்பிள்ளைகளை உலாத்தக் கூட்டிப்போவது அவர்கள்தானே.

இந்த வைரஸுக்கென்று மருந்து இல்லை. அது உண்ணியின் எச்சிலிலேயே இருப்பதால், உடனே பிடுங்கினாலும் தொற்றியிருக்கலாம். தடுப்பூசிதான் வழி. மூன்று ஊசி: இரண்டாவது 1 முதல் 3 மாதத்தில், மூன்றாவது ஊசியின் வகையைப் பொறுத்து ஓராண்டுக்குள். பிறகு சுவிஸில் 10 ஆண்டுக்கு ஒருமுறை. முதல் இரண்டையும் குளிர்காலத்திலேயே போட்டால் வசந்தத்துக்குள் பாதுகாப்பு வந்துவிடும். 2019 முதல் நாட்டின் மிகப் பெரும்பகுதி ஆபத்துப் பகுதிதான். செலவில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று உங்கள் மருத்துவக் காப்புறுதியான கிராங்கன்காசையிடம் கேளுங்கள்.

அதே உண்ணி, பக்டீரியாவால் வரும் லைம் நோயையும் தரும். அதற்குத் தடுப்பூசி இல்லை, அன்டிபயோட்டிக் உண்டு. கடித்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினாலோ முகம் ஒரு பக்கம் கோணினாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, குழப்பத்தோடு காய்ச்சல் திரும்பினால் அம்புலன்ஸ் இலக்கமான 144க்கு அழையுங்கள். ‘செக்கே’ கடித்ததையும் குறித்து வைத்த திகதியையும் முதலில் சொல்லுங்கள்.