டைவர்ஸ் கேஸ் நடக்கும்போது எனக்கு உதவுனது

மியூச்சுவல் கன்சென்ட், அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரியறதுன்னு முடிவான அப்புறம் வக்கீல் ஃபீஸுக்கு என்கிட்ட காசு இல்ல, கோர்ட் வளாகத்துலயே இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய் கேட்டேன், 1987 சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தராங்க, தயவுசெஞ்சு கூச்சப்படாம கேளுங்க. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல இந்த மாதிரி சம்மத டைவர்ஸுக்கு மனு போட ஒரு வருஷமாவது பிரிஞ்சு இருந்திருக்கணும், அப்புறம் ஆறு மாச காத்திருப்பு, தகுந்த கேஸ்ல அந்த காத்திருப்பு வேணாம்னு கோர்ட் விட்டுடலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

ராத்திரிதான் ரொம்ப கஷ்டம். விசாரிக்கிற சொந்தக்காரங்க போன எடுக்கிறத நிறுத்திட்டு அக்காகிட்ட மட்டும் பேசினேன், அழுதேன், அப்புறம்தான் தூக்கம் வந்துச்சு. பொண்ணுகிட்ட அவங்க அப்பாவப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசல, அது அவளுக்கு நாம செய்யவேண்டிய கடமை.

நகை லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் முன்னாடியே காப்பி எடுத்து வைங்க, தீர்ப்பு வந்ததும் பிஎஃப் நாமினிய மாத்துங்க.