பல கோப்புகளில் ஒரு சொல்லை ஒரே முறையில் மாற்றுதல்

ஒரு கோப்புறையில் 300 உரைக்கோப்புகள் இருந்து, அவற்றிலுள்ள 'தொலைபேசி' என்ற சொல்லை எல்லாம் 'கைபேசி' என்று மாற்ற வேண்டுமென்றால், பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) போதும். தொடங்குமுன் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்துவோர், அப்போதைய நிலையை அதில் கமிட் செய்துவிடலாம், அதாவது பதிந்துவிடலாம்.

பைத்தானுடன் வரும் பாத்லிப் (pathlib) தொகுதியின் ஆர்குளோப் (rglob), உட்கோப்புறைகளில் இருக்கும் கோப்புகளையும் சேர்த்துத் தேடித் தரும். அவற்றை ஒரு ஃபார் லூப்பில் (for என்ற சுழற்சிக் கட்டளையில்) ஒவ்வொன்றாகப் படித்து, சொல்லை மாற்றும் ரீப்ளேஸ் (replace) செய்து, உரை மாறியிருந்தால் மட்டும் திரும்ப எழுத வேண்டும். படிக்கும்போதும் எழுதும்போதும் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறக்காதீர்கள். விண்டோஸில் இதை விட்டுவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைய வாய்ப்புண்டு. முதல் ஓட்டத்தில் எதையும் எழுதாமல், கோப்பின் பெயரையும் அச்சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்பதையும் மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

அந்த எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், 'தொ' என்ற எழுத்தைச் சந்தேகியுங்கள். அதன் ஒகரக் குறி ஒருங்குறியில் (யூனிகோடில்) 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம். எகரக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என இரண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ரீப்ளேஸுக்கோ அவை வெவ்வேறு. பைத்தானின் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியிலுள்ள நார்மலைஸை (normalize), இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு அமைத்து, கோப்பின் உரை, தேடும் சொல் இரண்டையும் அதன் வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் தீரும். நாம் தொட நினைக்காத சொற்களும் இதனால் டிஃபில் (கிட் காட்டும் மாற்றப் பட்டியலில்) மாறியதாகத் தெரியும் என்பதால், இந்தச் சீராக்கத்தை முன்கூட்டியே தனிக் கமிட்டாகச் செய்துவிடுவது என் வழக்கம்.

தேடும் சொல் சிறியதானால் தொல்லை வேறுவிதமாக வரும். 'கல்' என்பதைப் 'பாறை' ஆக்கப் போனால் 'கல்வி' 'பாறைவி' ஆகிவிடும். சொல்லெல்லையைக் குறிக்கும் வழக்கமான ரெஜெக்ஸ் (தேடல் வடிவம் எழுதும் முறை) குறி இங்கே உதவாது. ரெஜெக்ஸைக் கையாளும் பைத்தானின் ரீ (re) தொகுதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்வதில்லை. இருபுறமும் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்க் குறியெண் எதுவும் வரக்கூடாது என்று நாமே நிபந்தனை எழுத வேண்டும்.

ஒற்றெழுத்தை எந்த நிரலும் தானாகக் கவனிக்காது. 'அந்தத் தொலைபேசி' என்பது 'அந்தத் கைபேசி' என்றுதான் மாறும். ஆகவே 'த் தொலைபேசி' என்பதை 'க் கைபேசி' ஆக்கும் வரியை முதலிலும், பொதுவான மாற்றத்தை அதற்கு அடுத்தும் வையுங்கள்.