ஒகேனக்கல் கிளம்பும் முன் ஒரு எண்

பிள்ளைகளோடு ஒகேனக்கல் கிளம்பும் முன், காலைச் செய்தியில் பிலிகுண்டுலு நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் தண்ணீர்தான் அருவிக்கு வருகிறது. வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வருபவருக்குப் பெட்ரோல் காசு மிச்சம்.

அதே எண்ணைப் பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுங்கள். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு 10,000 கன அடி என்றால் 2.83 லட்சம் லிட்டர்! பென்னாகரம் தாண்டுவதற்குள் போட்டுவிடுவார்கள். அருவியை நேரில் பார்க்கும்போது அந்த எண் மனதில் பதிந்துவிடும், பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது.

குடகு, வயநாடு பக்கம் மழை வலுத்திருந்தால் காலை எண்ணை நம்ப வேண்டாம், மாலைக்குள் மாறலாம். வரத்து குறைந்த பிறகும் சில சமயம் தடை நீடிக்கும். அதையும் விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.