கீமோ நடக்கும்போது மார்பக ஸ்கான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் புதிதாக மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பழகும் இளம் வைத்தியர்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, திரும்பத் திரும்ப ஒரே பிழைகள்தான் கண்ணில் படுகின்றன. வலம் இடம் மாற்றி எழுதுவதைப் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

கட்டி இருந்த இடத்தைக் குறிக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தீவுப்பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மா கீமோ முழுவதும் முடிந்து, ஒப்பரேஷனுக்கு முன் ஸ்கானுக்கு வந்தார். கட்டியைக் காணவில்லை. நல்ல செய்திதான். ஆனால் வேறோர் இடத்தில் எடுத்த முதல் றிப்போட்டில் "இடது மார்பில் கட்டி" என்பதும் அதன் அளவும் மட்டுமே இருந்தன. எங்கே இருந்தது என்று கேட்டேன். "இஞ்சதான் எங்கையோ கிடந்தது பிள்ளை, இப்ப தட்டுப்படேல்லை" என்று பாதி மார்பைத் தடவிக் காட்டினார். இடம் தெரிந்திருந்தால் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம். கடைசியில் முழு மார்பையும் எடுக்க வேண்டி வந்தது.

ஸ்கானில் மறைந்தாலும் புற்றுநோய்க் கலங்கள் அங்கே மிச்சமிருக்கலாம். வெட்டியெடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அதனால் கட்டி முன்பு இருந்த இடத்தைச் சத்திரசிகிச்சை நிபுணர் தேடிப் பிடித்தே ஆகவேண்டும். கட்டி சுருங்கி மறைய முன்னரே, முடிந்தால் முதல் மருந்து ஏற்ற முன்னரே, ஸ்கானில் பார்த்தபடி அதன் நடுவில் சின்ன உலோகக் கிளிப் ஒன்றை வைத்துவிடுங்கள். அது கரையாது, மமோகிராமிலும் (மார்பக எக்ஸ்றே) தெரியும். இரண்டு கட்டி என்றால் இரண்டு கிளிப்.

கிளிப் கிடைக்கவில்லையா? சரி, இப்படியாவது எழுதுங்கள்: இடது மார்பு, 2 மணி (மார்பைக் கடிகார முகமாக நினைத்தால்), முலைக்காம்பிலிருந்து 4 சென்ரிமீற்றர், தோலிலிருந்து 12 மில்லிமீற்றர் ஆழம். படுத்திருந்த நிலையையும் சேர்த்து எழுதுங்கள். கை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து இடம் நகரும்.

முந்திய ஸ்கானோடு மட்டும் ஒப்பிடுவது

சுருக்கத்தை முதல் அளவோடு ஒப்பிட வேண்டும். வளர்ச்சியை, இடையில் கண்ட மிகச் சிறிய அளவோடு. 40 மில்லிமீற்றர் 28 ஆனால் 30 சதவீதச் சுருக்கம், மருந்து வேலை செய்கிறது. அப்புறம் 28 என்பது 34 ஆனால், 40ஐ விடக் குறைவுதானே என்று ஆறுதல்படாதீர்கள். 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. அன்றைக்கே புற்றுநோய் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

புரோபை (மார்பில் வைக்கும் ஸ்கான் கருவியை) அழுத்துவது

கட்டி தட்டையாகிவிடும். அழுத்தாதீர்கள்.

பயொப்சி (ஊசியால் எடுக்கும் இழைய மாதிரி) எடுத்த கையோடு அளப்பது

இரத்தக்கசிவும் அளவில் சேரும். முதலில் அளவு, பிறகு ஊசி.

மிச்ச நிழலைப் புற்று என்று எழுதுவது

தழும்பும் அப்படித்தான் தெரியும். அளவை மட்டும் எழுதி, நோயா தழும்பா என்று ஸ்கானால் பிரிக்க முடியாது என்பதையும் றிப்போட்டில் சேருங்கள். அந்த அம்மாமார் அதை வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள்.