தொட்டி உடைந்த இரவும் அடுத்து வரும் ஒரு வாரமும்

தண்ணீர் குடிக்க எழுந்தபோது பாதத்தில் ஈரம் பட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், கடல்மீன் தொட்டியின் கீழ்மூலையில் பசை விட்டுப்போய், நூல் பிடித்தாற்போல நீர் இறங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் மீன், இறால், நத்தை எல்லாவற்றையும் வாளிகளுக்கு மாற்றிவிட்டேன். அன்றிரவு ஓர் உயிர்கூடப் போகவில்லை. நான்காம் நாள் காலையில் பார்த்தபோது, இரண்டு கோமாளி மீன்களும் அடியில் சாய்ந்து கிடந்தன. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் இரண்டும் போய்விட்டன.

பிறகு இதே நிலையில் தவித்தவர்களுக்கு உதவப் போன இடங்களிலும் இதையேதான் கண்டேன். தொட்டி உடையும் நேரத்தில் சாகும் மீன்களைவிட, அதற்கு அடுத்த ஒரு வாரத்தில் நம் கையால் சாகும் மீன்களே அதிகம். ஆகவே அந்த இரவின் தவறுகளைச் சுருக்கமாகவும், அந்த வாரத்தின் தவறுகளை விரிவாகவும் சொல்கிறேன்.

முதல் தவறு, பதறிப்போய்த் தண்ணீரில் கையை விடுவது. உப்புநீர் நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். தொட்டிக்குக் கீழே ப்ளக் பாயின்ட் நனைந்திருக்கலாம். உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கிட்டே போக வேண்டும். ஹீட்டரை மறந்துவிடாதீர்கள். நீர்மட்டம் இறங்கி வெளியே தெரியும் ஹீட்டர் கொதிநிலையில் இருக்கும். அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கும். அணைத்துவிட்டு, 20 நிமிடமாவது தொடாமல் விடுங்கள்.

நீரைத் தானாக நிரப்பும் கருவி வைத்திருப்பவர்கள் அதையும் உடனே நிறுத்த வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், அந்தக் கருவி ஊற்றுவது நன்னீர். ஆனால் ஒழுகும்போது உப்பும் சேர்ந்தே போகிறது. மட்டம் குறைகிறதே என்று கருவி நன்னீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், மிச்சமிருக்கும் நீரும் நீர்த்துப்போகும். என் தொட்டியில் 1.025 ஆக இருந்த ஒப்படர்த்தி (நீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் எண்) அன்று 1.019-க்கு வந்திருந்தது. அதைக் கண்டு பயந்து ஒரே மூச்சில் பழைய அளவுக்கு ஏற்றிவிடத் தோன்றும், அது தவறு. உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், கூடுவதைத் தாங்குவதுதான் கடினம். ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002 என்ற கணக்கில் ஏற்றினால் போதும்.

அடுத்து, ஒழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எல்லாவற்றையும் காலி செய்வது. விரிசல் மேல்பாதியில் இருந்தால், நீரை அதற்குக் கீழே இறக்கிவிட்டு, மீன்களை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கலாம். அடியில் ஒழுகினால் மட்டும் அவசரம். அப்போதும் முதலில் காப்பாற்ற வேண்டியது தண்ணீரை. மணலைக் கலக்காமல், மேலே தெளிவாக நிற்கும் நீரைக் குழாய் வைத்து இறக்குங்கள். சோப்பு படாத வாளிகள், புது பிளாஸ்டிக் பெட்டிகள் போதும். மெல்லிய பெட்டிகளை முழுக்க நிரப்பினால் பக்கங்கள் பிதுங்கி இன்னொரு வெள்ளம் வரும். முக்கால் பாகத்துக்கு மேல் வேண்டாம்.

பாறைகளுக்கு நடுவே வலையை விட்டுத் துரத்துவதில் மீனும் களைக்கும், நாமும் களைப்போம். பாறையை எடுத்துவிட்டு, நீர் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கிய பிறகு, ஒரு டப்பாவால் அள்ளிவிடலாம். சர்ஜன் மீனின் வால் முள் வலையில் சிக்கினால் வலையைத்தான் வெட்ட வேண்டும். பேத்தை மீனை நீருக்கு வெளியே தூக்கவே கூடாது. காற்றை விழுங்கி ஊதிக்கொள்ளும், பிறகு அதை வெளியேற்ற முடியாமல் மிதக்கும். நட்சத்திர மீனையும் நீருக்குள் வைத்தே பாத்திரத்தில் ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவது அடுத்த தவறு. பெரிய தொட்டியில் ஒன்றையொன்று ஒதுங்கிப் போன மீன்கள் 40 லிட்டர் பெட்டியில் ஒதுங்க இடமின்றிக் கடித்துக்கொள்ளும். சண்டைக்காரனைத் தனியே வையுங்கள். மற்றவைகளுக்கு நான்கைந்து பி.வி.சி. குழாய் எல்போக்களைப் போட்டால், ஆளுக்கொன்றில் புகுந்து அடங்கிவிடும். கடல் அட்டைக்குக் கட்டாயம் தனி வாளி. அது மிரண்டாலோ செத்தாலோ கக்கும் நஞ்சு கூட இருக்கும் மீன்களையெல்லாம் கொன்றுவிடும். பெட்டியின்மேல் வலை போட்டு மூடுங்கள், பயந்த மீன் குதிக்கும். ஏர் பம்ப் ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன், நன்னீர் பிடித்துவைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நெரிசலான பெட்டியில் அந்தக் குறைவு உயிரை எடுக்கும்.

பரணில் பழைய சிகிச்சைத் தொட்டி இருக்கிறதே என்று எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அதில் எப்போதாவது தாமிர மருந்து போட்டிருந்தால், பவளம், இறால், நத்தை எதையும் அதில் விடக் கூடாது. மீனுக்கு மருந்தாகும் தாமிரம் இவற்றுக்கு எமன்.

இனி, என் கோமாளி மீன்களைக் கொன்ற விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய நீரை முக்கால்வாசி காப்பாற்றிவிட்டேன், இனிப் பயமில்லை என்று அன்று நினைத்தேன். ஆனால் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் மிகக் குறைவாகவே இருக்கின்றன. அவை ஒட்டிக்கொண்டு வாழ்வது உயிர்ப்பாறையின் (சிறு உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) நுண்துளைகளிலும், ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், மணல் துகள்களிலும்தான். நான் அந்தப் பாறைகளைத் தரையில் விரித்த துணியில் அடுக்கி வைத்து, மறுநாள் மதியம் வரை அப்படியே விட்டிருந்தேன். மேல்பரப்பு காய்ந்தது. பாறைக்குள் வாழ்ந்த புழு, கடற்பஞ்சு, சிறு நண்டு என்று எல்லாம் செத்தன. பாக்டீரியா குறைந்துபோன அதே பாறையில், அழுகும் பொருள் கூடிவிட்டது. அதைத் திரும்ப நீரில் போட்டபோது, வடிகட்டி என்று நினைத்துக் குப்பையைத்தான் போட்டிருக்கிறேன்.

பாறையை உப்புநீரில் மூழ்க வைத்து, ஒரு பவர்ஹெட்டை (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடவிட்டு, ஹீட்டரால் 25 டிகிரியில் வைத்திருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்கு வெளிச்சம்கூட வேண்டாம். குழாய் நீரில் கழுவுவது இன்னும் கெட்டது. குளோரின் பாக்டீரியாவை நேராகவே கொல்லும்.

இரண்டாவது பிழை மணல். பல மாதம் அசையாமல் கிடந்த மணலின் அடியில் கறுத்த அடுக்கு இருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு; மீனுக்குக் கொடிய நஞ்சு. கூடவே அங்கே தேங்கிய கழிவு முழுவதும் நீரில் கலந்துவிடும். பழைய மணலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மணல் வாங்குங்கள். மனமில்லை என்றால், வடியும் நீர் தெளியும்வரை பத்துத் தடவை அலசுங்கள். அதன் பிறகு அது வெறும் மணல்தான், பாக்டீரியாவை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது, இரக்கத்தில் தீனி போட்டது. பயந்துபோன மீன்களுக்கு எதையாவது கொடுத்துத் தேற்ற மனம் துடிக்கும். நன்றாகத் தின்று வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. வடிகட்டி பலவீனமாக இருக்கும் நேரத்தில் போடும் ஒவ்வொரு துளித் தீனியும் அம்மோனியாவாகத்தான் திரும்பி வரும்.

நன்னீர்த் தொட்டியில் ஓரளவு தப்பிக்க விடும் அதே அளவு அம்மோனியா, கடல்நீரில் ஏன் கொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும். அதில் அயனியாகாத வடிவமே கடும் நஞ்சு. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஓர் எண் கூடினால் அந்த நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு கூடுகிறது. கடல்மீன் தொட்டியின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை. அதனால் அம்மோனியா சோதனைக் குழாயில் லேசாகப் பச்சை தட்டினாலே எழுந்து வேலை பார்க்க வேண்டும். முதல் வாரம் காலையும் மாலையும் சோதியுங்கள். அம்மோனியா தெரிந்தால் உடனே கால்பங்கு முதல் அரைப்பங்கு நீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவம் ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

மாற்றுவதற்கான நீரை அவசரத்தில் கலந்து அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் நீக்கிய நீரில் உப்பைக் கரைத்து, பம்ப் ஓடவிட்டு, முடிந்தால் 24 மணி நேரம் கலக்க விடுங்கள். வெப்பமும் உப்பின் அளவும் பெட்டியில் உள்ள நீரோடு ஒத்திருக்க வேண்டும். இந்த நீரை முதல் நாளே கலக்கத் தொடங்குங்கள். அம்மோனியா ஏறிய பிறகு உப்பு மூட்டையைத் தேடி ஓடினால் ஒரு நாள் வீணாகிவிடும். அந்த ஒரு நாள் மீனுக்குக் கிடையாது.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்த கண்ணாடி கையைக் கீறும். அந்தக் கீறலோடு பாறையைத் தூக்கினால், மைக்கோபாக்டீரியம் மரினம் போன்ற கிருமிகள் புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணைத் தரும். அதைவிடப் பெரிய ஆபத்து, பாறையில் ஒட்டியிருக்கும் ஸோவாந்திட், பாலிதோவா என்ற பவளம் போன்ற உயிர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. செத்த பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைத்தவர்கள், அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கடற்பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் தேய்க்கவும் வேண்டாம்.

உடைந்த தொட்டியை ஒட்டிப் பயன்படுத்தலாமா? கண்ணாடியே விரிசல் விட்டிருந்தால் மேலே பசை பூசுவதில் பலனில்லை, அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். இணைப்பு மட்டும் விட்டிருந்தால் ஒட்டலாம். ஆனால் புது சிலிக்கோன் பழைய சிலிக்கோன்மேல் சரியாகப் பிடிக்காது. பழையதைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பூஞ்சை தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கோன் ஆகாது. வினிகர் வாசனை போகும்வரை காயவிட்டு, நிரப்பி, ஒரு வாரம் மீனில்லாமல் நிற்க வையுங்கள். முக்கியமாக, ஏன் உடைந்தது என்று பாருங்கள். 200 லிட்டர் கடல்நீர் மட்டுமே ஏறக்குறைய 205 கிலோ. பாறையும் கண்ணாடியும் வேறு. மேசையின் ஒரு கால் சற்றே இறங்கியிருந்தால் போதும், புதுத் தொட்டியும் அதே மூலையில் விடும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

நண்பர் வீட்டுத் தொட்டியில் கொஞ்ச நாள் விட்டுவைக்கிறேன் என்பவர்கள், அவருடைய மீன்களையும் நினைக்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்கிருமி மீன் உடம்பில் தெரியாமலே இருக்கக்கூடும். தனித் தொட்டியில் விடச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லையென்றாலும் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். 1984-இல் மொனாக்கோ கரையில் முதலில் தென்பட்ட காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற காட்சித்தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலின் அடித்தரையில் பெரும்பரப்பை மூடியது.

புதுத் தொட்டி தயாரானதும் முதலில் பாறையை அடுக்கி, ஓடவிட்டு, தொடர்ந்து சில நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று காட்டிய பிறகு மீனை விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கூச்சமுள்ள மீனை முதலில் இறக்குங்கள். அது ஒரு பொந்தைப் பிடித்து, வெளியே வந்து தீனி எடுக்கும்வரை பொறுங்கள். தனிப் பெட்டியில் வைத்த அந்தச் சண்டைக்காரனைக் கடைசியாகத்தான் விட வேண்டும்.